எப்போது தொடங்கியது என்று யாரிடம் கேட்பது?

1980களில் அமெரிக்காவில் ஹிண்ட்மன் என்ற சிகிச்சையாளர், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். சிறுவயதில் உங்களை யாராவது பாலியல்ரீதியாகத் துன்புறுத்தியது உண்டா? 67 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அப்புறம் அவர் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். இனி வருபவர்கள் சொல்வதைப் பொய் கண்டறியும் கருவியை வைத்துச் சரிபார்ப்போம், பொய் சொன்னது தெரிந்தால் திரும்பச் சிறைக்குப் போக வேண்டியிருக்கும். அதே கேள்விக்கு இப்போது ஆம் என்றவர்கள் 29 சதவீதம்.

அந்தக் கருவியை நம்பலாமா என்றால், பெரிதாக நம்ப முடியாது. பெரும்பாலான நீதிமன்றங்களே அதைச் சாட்சியாக ஏற்பதில்லை. இங்கே வேலை செய்தது கருவி அல்ல, பயம். பயம் ஒரு பக்கம் இழுத்தால் ஒரு எண் வருகிறது, அனுதாபம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு மறுபக்கம் இழுத்தால் வேறு எண் வருகிறது. பீடோபிலியா பற்றி ஆய்வுகள் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் இந்த 67, 29 இரண்டும் எனக்கு நினைவுக்கு வரும். இந்தத் துறையில் யாரிடம், எங்கே வைத்து, என்ன வாக்குறுதி கொடுத்துக் கேட்டார்கள் என்பதே பாதிப் பதிலைத் தீர்மானித்துவிடுகிறது.

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் செய்தித்தாள்களில் குழந்தையிடம் அத்துமீறியவன் எவனாக இருந்தாலும் 'பீடோபைல்' என்று எழுதிவிடுகிறார்கள். மருத்துவத்தில் அந்தச் சொல்லின் பொருள் இன்னும் குறுகியது. பருவமடையாத குழந்தைகள் மீது நீடித்த, தீவிரமான பாலீர்ப்பு இருப்பதுதான் பீடோபிலியா. 1896இல் கிராஃப்ட்-எபிங் என்ற ஜெர்மானிய-ஆஸ்திரிய மனநல மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு இன்னொரு கோடும் கிழிக்கிறது. ஈர்ப்பு குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். அதோடு அந்த நபர் அதைச் செயலில் காட்டியிருக்க வேண்டும், அல்லது அதனால் கடும் மன உளைச்சலிலோ உறவுச் சிக்கலிலோ இருக்க வேண்டும். அப்போதுதான் அது 'கோளாறு'. 16 வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் இந்த முத்திரையைக் குத்தக்கூடாது, அவருக்கும் அந்தக் குழந்தைக்கும் இடையே குறைந்தது 5 வயது வித்தியாசம் வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போகிறது.

சரி, இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? குழந்தையைத் தொட்டவன் தொட்டவன்தானே? சட்டத்துக்கு அப்படித்தான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். எந்த ஈர்ப்பும் எந்தக் கோளாறும் அந்தச் செயலுக்குச் சாக்கு ஆகாது. ஆனால் தடுப்பது எப்படி என்று யோசிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு அவசியம். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் சீட்டோ போன்ற ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு இது: குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்து பிடிபட்டவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் பீடோபிலியா இருக்கிறது. மீதிப் பேர் குடிபோதை, கைக்கு எட்டிய வாய்ப்பு, வீட்டுக்குள் இருக்கும் அதிகாரம், பொதுவான முரட்டு ஒழுங்கின்மை என்று வேறு வழிகளில் அங்கே வந்து சேர்ந்தவர்கள். மறுபக்கம், ஈர்ப்பு இருந்தும் எந்தக் குழந்தையையும் தொடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் காவல் நிலையப் பதிவிலும் இல்லாததால் எந்த ஆய்வுக்குள்ளும் எளிதில் வருவதில்லை.

இந்தத் துறையின் பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறைகளிலும் நீதிமன்றம் அனுப்பிவைத்த சிகிச்சை மையங்களிலும் நடந்தவை. அங்கே உட்கார்ந்திருப்பவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் விலை உண்டு. 1987இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் ஜீன் ஏபலின் ஆய்வு அந்த வகையில் ஒரு திருப்பம். இயல்பு மீறிய பாலியல் நாட்டம் கொண்ட, ஆனால் சிறைக்கு வெளியே இருந்த 561 ஆண்களிடம் அவர் பேசினார். அவர்கள் சொல்வதை எந்த நீதிமன்றமும் கேட்டு வாங்க முடியாது என்று அரசிடமிருந்து ரகசியக் காப்புச் சான்றிதழும் பெற்றிருந்தார். அந்தப் பாதுகாப்பு கிடைத்ததும் வாய் திறந்தது. காவல்துறைக்குத் தெரிந்ததைவிடப் பன்மடங்கு குற்றங்கள் வெளியே வந்தன.

அந்த ஆய்விலிருந்து ஒரு எண் மட்டும் தனியாகக் கழன்று உலகம் சுற்றியது. குடும்பத்துக்கு வெளியே உள்ள சிறுவர்களைக் குறிவைத்தவர்கள் ஆளுக்குச் சராசரியாக 150 குழந்தைகளைப் பாதித்திருந்தார்கள் என்பது அது. கேட்டதும் குலை நடுங்கும். ஆனால் அதே அட்டவணையில் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருந்தது: இடைநிலை அளவு 4.4. அதாவது இந்த ஆட்களை எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் நான்கைந்து பேரைத்தான் பாதித்திருக்கிறார். ஊரில் நூறு கூலிக்காரர்களும் ஒரு ரைஸ்மில் முதலாளியும் இருந்தால் ஊரின் சராசரி வருமானம் லட்சங்களில் வந்து நிற்கும் இல்லையா, அதே கதைதான். ஒரு சிலர் நூற்றுக்கணக்கில் செய்த கொடுமை மொத்தச் சராசரியையும் தூக்கிவிட்டது. 4.4 என்பதும் சின்ன விஷயமில்லை, அத்தனையும் குழந்தைகள். ஆனாலும் 150ஐ மட்டும் மேற்கோள் காட்டியவர்கள் தெரியாமல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பயமுறுத்தும் எண்ணுக்குத்தான் கால் முளைக்கும்.

ஏபலின் குழு கேட்ட இன்னொரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். இந்த ஆசை எப்போது தொடங்கியது? பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் இயல்பு மீறிய பாலியல் நாட்டம் ஏதாவது ஒன்று 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றார்கள். நடுத்தர வயதில் ஒருவனுக்குத் திடீரென்று புத்தி கெட்டுப்போகிறது என்ற பொதுநம்பிக்கைக்கு இது எதிரானது.

பின்னால் வந்த கருத்தாய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. பதின்பருவத்தில் அல்லது இருபதுகளின் தொடக்கத்தில் தெரிய வருகிறது. ஹாம்பர்க்கில் சஃபியே தோஸ்தானும் பேர் பிரிக்கனும் 72 ஆண்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, தொடங்கிய வயதையே மையமாக வைத்தது. எவ்வளவு சீக்கிரம் தொடங்கியதோ அவ்வளவுக்கு அந்த ஈர்ப்பு குழந்தைகளை நோக்கி மட்டுமே இருந்தது, அதை மாற்ற முடியும் என்ற நம்பிக்கையும் அவ்வளவுக்குக் குறைந்திருந்தது. தாமதமாக உணர்ந்தவர்களுக்கு வயதுவந்தவர்கள் மீதும் ஈர்ப்பு இருந்தது. எல்லோருக்கும் ஒரே வயதில் ஒரே மாதிரி வருவதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

'தொடங்கிய வயது' என்று ஒற்றை எண்ணாக எழுதும்போது ஒரு விஷயம் மறைந்துவிடுகிறது. 12 வயதுப் பையனுக்கு 11 வயதுப் பெண்ணைப் பிடிப்பதில் அசாதாரணம் எதுவுமில்லை. அவனும் அப்படி நினைக்க மாட்டான், வேறு யாரும் நினைக்க மாட்டார்கள். அவனுக்கு 14 ஆகிறது, 16 ஆகிறது. கூடப் படிப்பவர்களின் கவனம் அவர்கள் வயதோடு சேர்ந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது. அவனுடைய கவனம் மட்டும் 11இலேயே நின்றுவிடுகிறது. சிகிச்சைக்கு வந்தவர்கள் பலர் விவரிப்பது இதைத்தான். புதிதாக ஏதோ ஒன்று வந்து ஒட்டிக்கொண்டதாக அவர்கள் சொல்வதில்லை, மற்றவர்கள் நகர்ந்தார்கள், தான் நகரவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் தொடங்கியது 12இலா, வித்தியாசம் தெரிந்த 15இலா, அதற்கு என்ன பெயர் என்று புரிந்த 20இலா? கேள்வித்தாளில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். நாற்பது வயதில் அதை நிரப்புபவர் முப்பது வருட நினைவைக் கிளறி ஒரு எண்ணை எழுதுவார். பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று நம்ப விரும்புபவர் சின்ன எண்ணாகவும், இடையில் வந்தது இடையில் போய்விடும் என்று நம்ப விரும்புபவர் பெரிய எண்ணாகவும் எழுத வாய்ப்பு உண்டு.

கையேட்டில் 16 வயது, 5 வயது வித்தியாசம் என்ற வரம்புகள் இருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. பதின்பருவத்தினர் ஒரு தனிப் பகுதி, இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் டேவிட் ஃபின்கெல்ஹாரும் கூட்டாளிகளும் 2009இல் காட்டிய கணக்குப்படி, சிறார் மீதான பாலியல் குற்றங்களில் காவல்துறைக்குத் தெரியவந்தவர்களில் 35.6 சதவீதம் பேர் தாங்களே சிறார்கள். மூன்றில் ஒருவர்! இவர்களெல்லாம் நாளைய பீடோபைல்கள் என்று நினைத்தால் தப்பு. பெரும்பாலானவர்களிடம் அப்படிப்பட்ட நீடித்த ஈர்ப்பு இல்லை. அறியாமை, வரம்பு தெரியாமை, யாரும் எதையும் சொல்லித்தராதது, இவைதான் அதிகம். மைக்கேல் கால்டுவெல் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 2000க்குப் பிந்தைய ஆய்வுகளில் இப்படிப் பிடிபட்ட சிறார்கள் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கிய விகிதம் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் உண்மையிலேயே நீடித்த ஈர்ப்பு உள்ள சிலரும் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறிவது கடினம், பிரித்தறியாமல் எல்லோருக்கும் ஒரே முத்திரை குத்துவது எளிது.

பொதுமக்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்பதற்கு ஜெர்மனியில் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. 8,718 ஆண்களிடம் இணையவழியில், பெயர் கேட்காமல் நடத்திய கருத்தாய்வு அது, 2016இல் வெளியானது. பருவமடையாத குழந்தைகள் பற்றிய பாலியல் கற்பனை உண்டு என்றவர்கள் 4.1 சதவீதம். அப்படிப்பட்ட குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் 3.2 சதவீதம். குழந்தைகள்தான் தன் முதன்மை நாட்டம் என்றவர்கள் 0.1 சதவீதம், அதாவது 8,718 பேரில் ஏறக்குறைய 9 பேர்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குற்றம் செய்தேன் என்றவர்கள் முதன்மை நாட்டம் உள்ளவர்களைவிட முப்பது மடங்கு அதிகம். பீடோபிலியா வேறு, குழந்தைகள் மீதான வன்முறை வேறு என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடைக்காது. 'பீடோபைல்' என்ற அரக்கனை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் மாமாவும் டியூஷன் வாத்தியாரும் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். பெயரில்லாத இணையப் படிவத்தில் விளையாட்டுக்குக் குறி போட்டவர்களும் இருப்பார்கள், பெயரில்லாவிட்டாலும் பயந்து மறைத்தவர்களும் இருப்பார்கள். 0.1 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உண்மையான அளவு ஆண்களில் 1 சதவீதத்தைத் தாண்டாது என்பது சீட்டோவின் கணிப்பு. பெண்களில் இது மிக அரிது.

வாயால் சொல்வதை நம்ப முடியாது என்பதால் உடலையே கேட்கலாம் என்று முயன்றவர் கர்ட் ஃப்ராய்ண்ட். 1950களில் பிராகில் அவர் தொடங்கிய முறை, படங்களைக் காட்டி ஆணுறுப்பின் இரத்த ஓட்ட மாற்றத்தைக் கருவியால் அளப்பது. பின்னால் அவர் டொராண்டோவுக்குப் போனார், அந்த ஊர் இந்த ஆய்வுக்கே தலைமையிடம் போல ஆனது. அங்கே ரே பிளான்ச்சர்டும் ஜேம்ஸ் கேன்டரும் விசித்திரமான சில தொடர்புகளைக் கண்டார்கள். பீடோபிலியா உள்ளவர்களில் இடது கைப்பழக்கம் சற்று அதிகம், உயரம் சற்றுக் குறைவு, 13 வயதுக்கு முன் தலையில் அடிபட்டு நினைவிழந்தவர்களின் விகிதம் அதிகம். மூளைப் படங்களில் வெண்பொருள் என்ற இணைப்பு நரம்புப் பகுதி குறைவாக இருந்தது என்று 2008இல் எழுதினார்கள். உயரமும் கைப்பழக்கமும் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் முடிவாகிறவை. ஆகவே இதன் வேர் மிக முன்னாலேயே இருக்கலாம் என்பது அவர்களின் வாதம்.

எனக்கு அந்த வாதம் பிடிக்கும், ஆனால் முழுதாக விழுங்க முடியவில்லை. அவர்கள் அளந்ததும் பெரும்பாலும் குற்றம் செய்து பிடிபட்டு வந்தவர்களைத்தான். பிடிபடாதவர்களும் குற்றமே செய்யாதவர்களும் அந்த அறைக்குள் வரவில்லை. தலையில் அடிபட்டது ஈர்ப்புக்குக் காரணமா, கட்டுப்பாடு இழந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணமா? பின்லாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று மரபணுவின் பங்கு சிறிதளவு உண்டு, பெரிதல்ல என்றது. இடது கைக்காரர்கள் யாரும் பதற வேண்டாம், இவை கூட்டத்தில் தெரியும் மெல்லிய சாய்வுகள், தனி ஒருவரைப் பற்றி எதையும் சொல்லாதவை.

எல்லாமே சிறுவயதில் வேர் விட்டதுதான் என்ற சித்திரத்தைக் கலைக்கும் ஒரு நோயாளியும் மருத்துவ இலக்கியத்தில் இருக்கிறார். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 40 வயது ஆசிரியர். முன்பு அப்படி எந்த வரலாறும் இல்லாதவர், திடீரென்று குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைத் தேடத் தொடங்கினார், வீட்டில் வளர்ப்பு மகளிடமே அத்துமீறினார். சிறைத் தண்டனை அறிவிக்கப்படவிருந்த நாளுக்கு முந்தைய மாலை தாங்க முடியாத தலைவலியோடு மருத்துவமனைக்கு வந்தார். படம் எடுத்துப் பார்த்தால் நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு கட்டி. அகற்றினார்கள், அந்த உந்துதல் போய்விட்டது. சில மாதம் கழித்து அது திரும்பியது, பார்த்தால் கட்டியும் திரும்ப வளர்ந்திருந்தது. மறுபடி அறுவை, மறுபடி அடங்கியது. 2003இல் பர்ன்ஸ், ஸ்வெர்ட்லோ என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். முதுமையில் மறதி நோயோடு வரும் சில சம்பவங்களும் இதே ரகம். வாழ்நாளில் முதல் முறையாக ஐம்பது, அறுபது வயதில் இது தலைகாட்டினால் முதலில் மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இப்போது தொடக்கத்தில் விட்ட 67க்கும் 29க்கும் திரும்புவோம். பாதிக்கப்பட்டவன்தான் வளர்ந்து பாதிப்பவன் ஆகிறான் என்ற பேச்சு நம் ஊரிலும் சாதாரணமாக அடிபடுகிறது. சிறுவயதில் துன்புறுத்தலுக்கு ஆளாகி, அதை வெளியே சொல்லாமல், வளர்ந்து தன் குழந்தையைத் தூக்கவே பயப்படும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் இந்தப் பேச்சு பாறாங்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. கேத்தி விடம் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் குற்றவாளியிடம் போய்ப் பழைய கதை கேட்கவில்லை, திசையையே திருப்பினார். 1967 முதல் 1971 வரை நீதிமன்றப் பதிவுகளில் வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக உறுதியான 908 குழந்தைகளையும், ஒப்பிடுவதற்காக 667 பேரையும் எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் கழித்து அவர்களின் குற்றப் பதிவைப் பார்த்தார். 2015இல் வெளியான முடிவு: அடி உதைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவர்கள் பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் தெரியவில்லை. பின்னோக்கிக் கேட்டபோது வந்த பதில், முன்னோக்கிப் பார்த்தபோது காணாமல் போனது.

பதின்பருவத்தில் தொடங்குகிறது, பலர் குற்றம் செய்வதற்கு முன்பே தனக்குள் ஏதோ சரியில்லை என்று உணர்கிறார்கள் என்றால், அந்த இடைவெளியில் யாராவது அவர்களை எட்ட முடியுமா? 2005இல் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் கிளாஸ் பேயர் தொடங்கிய திட்டம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. 'டுங்கெல்ஃபெல்ட்' என்று பெயர், இருண்ட வெளி என்று பொருள், காவல்துறைக் கணக்கில் வராத பகுதி. தொலைக்காட்சியிலும் சுவரொட்டிகளிலும் விளம்பரம் செய்தார்கள்: குழந்தைகள் மீது இப்படி ஈர்ப்பு இருந்தால் குற்றம் நடப்பதற்கு முன் வாருங்கள், சிகிச்சை இலவசம், பெயர் வெளியே போகாது. ஜெர்மனியில் மருத்துவரின் ரகசியக் காப்பைச் சட்டமே காவல் காக்கிறது, கடந்த காலக் குற்றத்தைப் புகாராக்கும் கட்டாயம் சிகிச்சையாளருக்கு இல்லை. ஆயிரக்கணக்கில் தொடர்புகொண்டார்கள். பிறகு நாடு முழுக்க மையங்கள் வந்தன.

அது பலித்ததா? 2015இல் திட்டக்காரர்கள் வெளியிட்ட மதிப்பீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் 53 பேர், ஒப்பீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து 22 பேர். தன்னடக்கம் கூடியது, ஆபத்தான மனப்போக்கு குறைந்தது என்றார்கள். மோக்ரோஸ், பான்ஸே என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் அதே தரவை மறுபடி கணக்குப் போட்டு, சிகிச்சைதான் காரணம் என்று சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவர ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஸ்வீடனில் இன்னும் கறாராகச் செய்தார்கள். இந்த ஈர்ப்பால் அவதிப்படுபவர்கள் கூப்பிடுவதற்கென்றே அங்கே ஒரு தொலைபேசி உதவி எண் இருக்கிறது. அதன் வழியாகத் தாங்களாக உதவி தேடி வந்த 52 ஆண்களில், யாருக்கு எது என்று தெரியாமல் பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோனை வேகமாகக் குறைக்கும் டெகாரெலிக்ஸ் ஊசியும் மீதிப் பேருக்கு வெற்று ஊசியும் போட்டார்கள். இரண்டே வாரத்தில் மருந்து பெற்றவர்களின் ஆபத்து மதிப்பெண் குறைந்தது. 2020இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வு, ஈர்ப்பையே மாற்றுகிறது என்று சொல்லவில்லை, உந்துதலின் வேகத்தைக் குறைக்கிறது என்றுதான் சொல்கிறது.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். குழந்தைகளிடம் கேட்டோம், நல்லது. அந்த ஆய்வு போக்சோ சட்டத்துக்கு வலுச் சேர்த்தது. துன்புறுத்தியவர்கள், அல்லது துன்புறுத்திவிடுவோமோ என்று பயப்படுபவர்கள் பக்கம் போய் அந்த அளவில் நாம் எதையும் கேட்டதில்லை. புனேயின் கே.இ.எம். மருத்துவமனை ஆய்வு மையம் சாரிட்டேயுடன் சேர்ந்து நடத்திய தடுப்புத் திட்டம் இங்கே அரிதான முயற்சி.

அப்படிக் கேட்பதற்கு நடுவில் போக்சோவின் 19ஆம் பிரிவு நிற்கிறது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மருத்துவர் உட்பட. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. வீட்டுக்குள் மூடி மறைக்கும் நம் பழக்கத்தை உடைக்க அந்தப் பிரிவு தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. ஜெர்மனியை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது, ஒட்டச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தப் பிரிவு நடந்த குற்றத்தோடு நிற்கவில்லை. குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது. 17 வயதுப் பையன் ஒருவன் யாரையும் தொடாமல், தனக்குள் இருப்பதைப் பார்த்துத் தானே பயந்து, ஒரு மனநல ஆலோசகரின் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அதைச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பேசி முடிக்கும்போது அந்த ஆலோசகர் மனதில் வருவது சட்டம் சொல்லும் 'அச்சம்' ஆகுமா, ஆகாதா என்பதை அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தாக வேண்டும்.